நாற்பத்தொரு சதவீதம் மாவு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கம்மா. எனக்கு ரோடு தெரிந்தால் ஆகாது. தெரிந்தால் இந்த டிரைவர் மேல் கோபம் வரும், வந்தால் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார். போன மாதம் ஒரு தடவை இறக்கியே விட்டார். கேளுங்கள், மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் நான்காவதில் ஏறுகிறார், வண்டி எப்படித் திணறுகிறது பாருங்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் நம் நாட்டின் பிரச்சினை.

இல்லையம்மா, சட்டம் படிக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். புள்ளியியல். கோவையில், இரண்டாம் வருஷம். பெயர் சிந்துஜா. பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போகிறேன். அவிநாசி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நீங்கள் நியாயம் மட்டும் சொன்னால் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. வெள்ளை மாருதி எண்ணூறு, என்னைவிட மூன்று வயது மூத்தது. அப்பா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். போன ஆடியில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே, "கடை சுத்துது" என்றார். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, இனிமேல் வண்டி எடுக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து கார் போர்டிகோவிலேயே நின்றது. அப்பா தினமும் காலையில் அதைத் துடைப்பார், ஸ்டார்ட் பண்ணுவார், இரண்டு நிமிஷம் உறும விடுவார், அணைப்பார். துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுக் கடைக்கு நடந்து போவார்.

ஐப்பசியில் ஒருநாள், "வித்தரலாம்" என்றார். "நின்னு நின்னு துரு ஏறுது. யாராச்சும் ஓட்டட்டும்."

"நான் ஓட்டறேன்."

"நீ பேசுவே. வண்டிக்குப் பேச்சு புரியாது."

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்? எழுத்தில் வாங்கினேன். வெள்ளைத்தாளில் நான்கு நிபந்தனை. பொங்கலுக்குள் நான் லைசென்ஸ் எடுத்தால் காரும் சாவியும் எனக்கு. எடுக்காவிட்டால் அப்பா தாராளமாக விற்கலாம், நான் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது எதற்கு என்று மறந்துவிட்டது. நான்காவது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் யோசித்து யோசித்துச் சேர்த்தது நான்தான். அப்பா கடைசி நேரத்தில் மனசு மாறுகிற ஆள். பொங்கல் வரைக்கும் காத்திருக்காமல் மார்கழியிலேயே விற்றுவிடுவார். அதனால், "எக்காரணம் கொண்டும் தேதி மாற்றப்படாது." அப்பா கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"நாலாவது வேணுமா சிந்து?"

"கண்டிப்பா வேணும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாளே நான் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்தேன். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்து பதினெட்டு நாள்.

டிரைவிங் ஸ்கூல் பெயர் வேண்டாம், எதற்கு வம்பு. மாஸ்டர் பெயர் சென்னியப்பன். நாற்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வா பாப்பா." ஓட்டுரிமை உள்ள ஒரு குடிமகளைப் பார்த்து!

"என் பேர் சிந்துஜா, மாஸ்டர்."

"சரி பாப்பா, ஏறு."

செமஸ்டர் லீவு விட்டு ஊருக்கு வந்ததும் சேர்ந்தேன், காலை ஆறரைக்கு வகுப்பு. என்னோடு படித்தவர் வளர்மதி அக்கா. நைட்டி தைத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறவர். மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கள் திட்டுகிறார்கள் என்று கார் பழக வந்திருந்தார். பத்தாவது ஃபெயில். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். ஒரே காரில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம் அவர், அரை மணி நேரம் நான்.

அந்தக் காரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நாம் தப்புச் செய்தால் அவர் மிதித்துக் காப்பாற்றுவார். அதற்காகத்தான் என்று நானும் வெள்ளந்தியாக நம்பினேன்.

முதல் நாள் கதவைத் திறந்தால் புளித்த வாசனை. பின் சீட்டில் மூன்று டிரே நிறைய இட்லி மாவு பாக்கெட். மாஸ்டருடைய சம்சாரம் வீட்டில் பெரிய கிரைண்டர் போட்டு மாவு வியாபாரம் செய்கிறார். பதினோரு மளிகைக் கடைக்கு மாவு போக வேண்டும். போக ஒரு வண்டி வேண்டும், வண்டிக்கு ஒரு டிரைவர் வேண்டும். புரிகிறதா அம்மா? நாங்கள்தான் டிரைவர். காசு கொடுத்து வேலை செய்கிற டிரைவர்கள் உலகத்தில் எங்காவது உண்டா?

"லெஃப்ட்ல ஒடி பாப்பா. அந்த மஞ்சக் கடைகிட்ட நிறுத்து. இன்னும் ஒட்டி, இன்னும் ஒட்டி. எனக்குக் கை எட்டணும்."

நிறுத்தினால் இறங்கிப் போய்ப் பத்துப் பாக்கெட் வைப்பார். கடைக்காரர் டீ சொல்வார். மாஸ்டர் குடிப்பார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற பால் வண்டிக்காரனிடம் திட்டு வாங்குவேன். வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏறினால், "ஏ மாவு, மாவு!" என்று அலறுவார். மாவுதான். முன் சீட்டில் ஒரு உயிர் இருக்கிறதே, அது பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வளர்மதி அக்காவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாஸ்டர் டீ குடிக்கும்போது தானே டிரேயைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். ரேஷன் கடைச் சந்தில் கார் உள்ளே போனால் திரும்ப இடமில்லை, ரிவர்சில்தான் வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கிற ஜனம். அந்தச் சந்து எப்போதும் அக்கா தலையில்தான் விழும்.

"அக்கா, இது சுரண்டல். தெரியுதா உங்களுக்கு?"

"சுரண்டட்டும் கண்ணு. வண்டி நம்ம கையிலதான இருக்குது."

அடிமை மனோபாவம் எப்படிப் பேசும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் கேட்டது அப்போதுதான். இருந்தாலும் அவரோடு எனக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் காரைப் பற்றித் தினமும் அவரிடம்தான் சொல்வேன். கை மாறாத வண்டி, சர்வீஸ் தவறியதில்லை, ஏ.சி. போட்டால் ஐஸ், அப்பா சீட்டுக்குப் போட்ட கவரை இன்னும் பிரிக்கவில்லை என்றெல்லாம். அக்கா நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, "அப்படியா, அப்படியா" என்று கேட்பார். நல்ல மனுஷி என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் வாயால் மட்டும் சண்டை போடுகிறவள் அல்ல. பன்னிரண்டு நாள், கையில் கடிகாரம், மடியில் நோட்டு. ஓடிய நேரம், நின்ற நேரம், நின்ற காரணம். பதின்மூன்றாம் நாள் காலையில் வரைபடத்தை மாஸ்டர் முன்னால் நீட்டினேன். நான்கு கலரில்.

"என்ன பாப்பா இது, கோலமா?"

"நீங்க எடுக்கற வகுப்பு. இந்தச் சிவப்பு இருக்குதுங்களே, நாப்பத்தொரு சதவீதம், அது மாவு. இந்த மஞ்சள், பன்னிரண்டு சதவீதம், நீங்க குடிச்ச டீ."

மாஸ்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சட்னி எத்தனை சதவீதம் பாப்பா?"

பின் சீட்டில் அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு பட்டன் கீழே விழுந்து சீட்டுக்கடியில் போய்விட்டது. எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும்.

நான் விடவில்லை. மாவு இல்லாத வகுப்பு என் உரிமை, இல்லையென்றால் மேலே எழுதிப் போடுவேன் என்றேன். மேலே என்றால் எங்கே என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதனால் அவர் பயந்தார். அடுத்த நாளிலிருந்து ஏற்பாடு மாறியது. முதல் அரை மணி அக்கா ஓட்ட மாவு போகும். அதன்பின் சந்தைத் திடலுக்கு வந்து எனக்கு அரை மணி. சந்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் அங்கே ஈ காக்கை இருக்காது. என் போராட்டத்துக்குக் கிடைத்த முழு வெற்றி!

எவ்வளவு அழகாக ஓட்டினேன் தெரியுமா? ஒரு டிரே இல்லை, ஒரு கத்தல் இல்லை. மாஸ்டர் பாட்டுக்குப் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வட்டம் போடுவேன், எட்டுப் போடுவேன், நிறுத்துவேன், எடுப்பேன். பத்து நாளில் வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. ஒரு தடவைகூட! புதிதாகப் பழகுகிறவர்கள் கிளட்சைப் படாரென்று விட்டு வண்டியை அணைத்துவிடுவார்கள். வளர்மதி அக்கா முதல் வாரத்தில் நாள் ஒன்றுக்குச் சராசரி ஏழு தடவை அணைத்தார், நோட்டில் இருக்கிறது. என் கால் எவ்வளவு பழகிவிட்டதென்றால், நான் நினைப்பதற்கு முன்பே கிளட்ச் தானாகக் கீழே இறங்கும். நான் நினைப்பதற்கு முன்பே மெதுவாக மேலே வரும். பிறவியிலேயே சிலருக்கு அப்படி அமையுமாம்.

டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, கோச்சுக்காத. உன்ற காலுக்குக் கீழ பெடல் தானா இறங்குதே, அது ஏன்னு நெனச்சுப் பாத்தியா?"

"பழக்கம்க்கா."

"பழக்கந்தான். மாஸ்டருக்கு. நான் பின்னாலிருந்து தெனமும் பாக்கறேன். போனைப் பாத்துக்கிட்டே மிதிக்கறாரு. நாளைக்கு என்ற கூட மாவுக்கு வா. அந்த ரேஷன் சந்துல நாலு தடவை போய்ட்டு வந்தா கால் தானாப் படிஞ்சுரும்."

மாவுக்கு! பதின்மூன்று நாளாக எதை எதிர்த்தேனோ அதற்கே என்னைத் திரும்பக் கூப்பிடுகிறார். "கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்கக்கா" என்றேன். ஆனால் மாஸ்டர் செய்தது மோசடி, இல்லையா? அதை நான் சும்மா விடுவேனா?

டெஸ்ட் மைதானத்தில் கம்பம் நட்டுத் தடம் போட்டிருப்பார்கள். அதற்குள் முன்னால் போய், ரிவர்சில் வந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். 'எச்' போடுவது என்பார்கள். எங்கள் ஸ்கூலிலிருந்து அன்று ஏழு பேர். ஸ்கூல் காரிலேயேதான் டெஸ்ட், பக்கத்தில் மாஸ்டர் உட்காருவார். உட்கார்ந்து என்ன செய்வார் என்று இப்போது எனக்குத் தெரியுமே. முதல் ஆளாக நான் ஏறினேன்.

"மாஸ்டர், காலைத் தூக்கி மேல வைங்க."

"என்னது?"

"சீட்டு மேல. சம்மணம் போடுங்க. இது என் லைசென்ஸ்."

"பாப்பா, வெளையாடாத. இன்ஸ்பெக்டர் பாக்கறாரு."

"அதனாலதான் சொல்றேன். வைக்கறீங்களா, நான் அவருகிட்டயே சொல்லட்டுமா?"

வைத்தார். நான் வண்டியை எடுத்தேன். அணைந்தது. எடுத்தேன், அணைந்தது. மூன்றாவது தடவை எடுத்தபோது தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், உக்காந்து பூஜை பண்றீங்களா?"

மாஸ்டர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். யாராவது பேச வேண்டும் அல்லவா? நான் இரண்டாவது கிளட்ச் பற்றி அவருக்கு முதலிலிருந்து விளக்கினேன். என் நேர்மையையும் விளக்கினேன். விளக்கிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு கம்பம் சாய்ந்தது. சாய்ந்ததுதான், விழவில்லை. அதற்குப் போய் ஃபெயில் போடுவதா? ரிவர்ஸ் எடுக்கிறவளைப் பேச விட்டது யார் தப்பு?

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார்.

"பொண்ணு சொல்றது சரிதானுங்களே. எறங்கிக்கங்க. மீதி ஆறு பேரும் தனியாவே ஓட்டட்டும்."

அந்த ஆறு பேர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து பேர் ஃபெயில். ஒருவர் வண்டியை ரிவர்ஸ் என்று நினைத்து முன்னால் விட்டு இன்ஸ்பெக்டர் மேஜை வரைக்கும் போய்விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை! நான் என்ன கெடுதல் செய்தேன்? அதுவரைக்கும் இருந்த தேர்ச்சி விகிதம் பொய். அன்றைக்கு வந்ததுதான் உண்மையான விகிதம். ஏழில் ஒன்று. துல்லியம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டாமா?

அந்த ஒன்று வளர்மதி அக்கா. கண்ணாடியைப் பார்த்தார், வலது தோள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், ரேஷன் சந்தில் வருகிற மாதிரி சாவகாசமாக ரிவர்சில் வந்தார். ஒரு கம்பமும் ஆடவில்லை.

"எங்கம்மா பழகினீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மாவு போட்டுங்க" என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி கேட்டேன். தை இருபதுக்குத்தான் இடம் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விவாதத்தை ஆரம்பித்தேன். தோல்விக்கும் மறுக்கப்பட்ட வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசம் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மூன்று வாரம் தள்ளி வைப்பது எந்த வகையிலும் ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு எதிரானது அல்ல என்று நிரூபித்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து அந்த வெள்ளைத்தாளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"நாலாவது."

"அப்பா, அது உங்களுக்காக எழுதினது!"

"வேணுமான்னு கேட்டேன்ல சிந்து?"

காரைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்தில் யாராவது கார் துடைப்பார்களா அம்மா?

இதற்கு அப்புறம் வருவதுதான் துரோகம். ரெண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் வளர்மதி அக்கா. நல்ல புடவை, தலை நிறையக் கனகாம்பரம், பெண் பார்க்க வந்த மாதிரி. கூடவே அவருடைய மச்சினர். அக்கா என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"நீ சொல்லுவியே கண்ணு, அந்த வண்டி. அப்பா குடுக்கறாருன்னு கேள்விப்பட்டோம். உனக்கு மனசு சங்கடம்னா நான் இப்பவே போயிடறேன்."

ஒரு மாதம் அந்தக் காருக்கு இலவச விளம்பரம் செய்தது யார்? நான். ஏ.சி. ஐஸ் மாதிரி என்றது யார்? நான். சரி, சங்கடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். ஆனால் இரண்டாவது நிபந்தனைப்படி நான் வாயைத் திறக்கக் கூடாதே. எழுதியதை மதிக்கிறவள் நான். "எனக்கென்னங்க, தாராளமா பாருங்க" என்றேன்.

அக்கா பானெட்டைத் திறந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். நைட்டி மூட்டை எத்தனை கொள்ளும் என்று டிக்கியை முழம் போட்டார். டயரை எப்போது மாற்றியது என்று கேட்டபோது அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த மாதிரி வரவே இல்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் டயர் பற்றியே பேசினார்கள். எனக்குத் தெரிந்து அப்பா என்னோடு ஒரே விஷயத்தை அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் பேசியதில்லை. அதற்கு நான் என்ன செய்வது? டயர் பற்றி எனக்கும் கருத்து உண்டு, யாரும் கேட்கவில்லை.

"நீ லைசென்ஸ் எடுத்ததும் வந்து ஓட்டிக்க கண்ணு. வண்டி எங்க போயிரப் போகுது?" என்றார் அக்கா.

அடுத்தவர் கருணையில் நான் ஓட்ட மாட்டேன் என்றேன். சரிதானே?

போகியன்று காலையில் எடுத்துப் போக வந்தார். எங்கள் தெரு குறுகல். போர்டிகோவிலிருந்து ரிவர்சில்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, எதிரே பக்கத்து வீட்டுக் கோலம். முன்பெல்லாம் அப்பா எடுப்பார், பின்னால் நின்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் வெளியே வரவில்லை. தலை சுற்றுகிறது என்று உள்ளே படுத்துவிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தார், நான் பார்த்தேன்.

அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"கண்ணு, பின்னால நின்னு கொஞ்சம் பாரேன். இந்தத் தெரு எனக்குப் புதுசு."

அவருக்கா புதுசு? ரேஷன் சந்து இதைவிடக் குறுகல். கேட்டால் நேரமாகும் என்று போய் நின்றேன்.

"வாங்க" என்றேன். வந்தது. "ரைட்டுல ஒடிங்க." ஒடித்தார். "மெதுவா, மெதுவா. நில்லுங்க!" நின்றது. சாக்கடைக்கும் டயருக்கும் நடுவில் சாண் இடம் இருந்தது, நிறுத்தச் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் நின்றது. "லெஃப்ட்." லெஃப்ட். எனக்குத் தெரிந்து நான் சொன்னதை ஒருவர்கூட இப்படி மறுபேச்சில்லாமல் செய்ததில்லை. எதற்கு, ஏன், எந்த ஆதாரத்தில் என்று ஒரு கேள்வி கிடையாது. அந்தக் கார் முழுக்க என் வாய்க்குக் கட்டுப்பட்டு, அங்குலம் அங்குலமாகக் கேட்டைத் தாண்டியது. அப்பா துடைத்துத் துடைத்து மங்கலான பின்பக்கக் கண்ணாடியில் நான் தெரிந்தேன்.

அவிநாசி வந்துவிட்டதா? இருங்கள் அம்மா, இதை மட்டும் கேட்டுவிட்டு இறங்குங்கள், வண்டி இங்கே ஐந்து நிமிஷம் நிற்கும்.

கார் முழுசாகத் தெருவுக்கு வந்துவிட்டது. இனி நேராகக் கிளம்ப வேண்டியதுதான்.

"போதுமா கண்ணு?" என்றார் அக்கா.

எனக்குப் பின்னால் தெரு காலியாகக் கிடந்தது. போதும் என்று சொல்ல வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் வாங்க" என்றேன்.

அக்கா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு, ஏன் என்று கேட்காமல், இன்னும் ஒரு முழம் பின்னால் வந்தார்.